ஈஸ்ட் சுவாசச் சோதனை: மலைப் பள்ளிக்கு பலூனா, சுண்ணாம்பு நீரா, சிரிஞ்சா?

ஈஸ்ட் சுவாசிப்பதை வகுப்பில் காட்டப் பல வழிகள் இருக்கின்றன: பாட்டில் வாயில் பலூன் மாட்டுவது, வருகிற வாயுவைச் சுண்ணாம்பு நீரில் விடுவது, குழாயைக் கவிழ்த்து வாயுவைப் பிடிப்பது, சிரிஞ்சில் குமிழி எண்ணுவது, மெத்திலீன் நீலம் என்ற சாயத்தின் நிறம் போவதைப் பார்ப்பது, அப்புறம் பாடப்புத்தகத்துக் கூனே குழாய் (ஒரு கை மூடி நிமிர்ந்து நிற்கும் வளைந்த கண்ணாடிக் குழாய்). எதை எடுத்துக்கொள்வது என்று நீலகிரியில் பாடம் நடத்துகிற ஒருவர் தேடினால், கிடைக்கிற செய்முறைகள் பெரும்பாலும் "அறை வெப்பநிலையில் வைக்கவும்" என்ற ஒரு வரியோடு நகர்ந்துவிடுகின்றன. கோயம்புத்தூரில் அந்த வரி போதும், அங்கே அறையே 30 டிகிரியில் இருக்கும். ஊட்டியிலோ கோத்தகிரியிலோ டிசம்பர் காலையில், இல்லை ஜூலையில் மழையும் மூடுபனியுமாக இருக்கிற நாளில், வகுப்பறை 14, 15 டிகிரிதான் காட்டும், அந்தக் குளிரில் ஈஸ்ட் நாற்பது நிமிட பீரியடுக்குள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் செய்யாது. அதனால் இந்த ஒப்பீட்டை மலைக்காக மட்டும் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினோராம் வகுப்புக்கு சிரிஞ்ச். ஆறு, ஏழு, எட்டுக்கு பலூனும் சுண்ணாம்பு நீரும் சேர்த்து. மெத்திலீன் நீலம் இன்னொரு நாளைக்கு, ஆனால் பதினோராம் வகுப்புக்கு அது கட்டாயம் வேண்டும். கூனே குழாய் ஆய்வகத்தில் உடையாமல் இருந்தால் மேசையில் வைத்துக் காட்டலாம், இதற்காகப் புதிதாக வாங்க வேண்டாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதுதான் இனி வருவது.

எந்த முறையாக இருந்தாலும் முதல் பிரச்சினை குளிர். நொதிகளின் (என்சைம்களின்) வேகம் பத்து டிகிரி ஏறினால் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு, அப்படிப் பார்த்தால் 15 டிகிரிக்கும் 35 டிகிரிக்கும் நடுவில் நாலு மடங்கு வித்தியாசம் வருகிறது. பேக்கரி ஈஸ்ட்டுக்கு 30 முதல் 38 வரை வாகான சூடு, 50-ஐத் தாண்டினால் சாகத் தொடங்கும். நம் பிள்ளைகளுக்கு இது புதுச் செய்தியே இல்லை. ராத்திரி ஆட்டி வைத்த இட்லி மாவு காலையில் பொங்காமல் அப்படியே கிடப்பதையும், வீட்டில் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றியோ அடுப்பு ஓரமாக வைத்தோ பொங்க வைப்பதையும் பார்த்தே வளர்கிறார்கள், பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம். ஒன்று மட்டும் கவனம்: இட்லி மாவைப் பொங்க வைப்பதில் பெரும்பங்கு லாக்டிக் அமில பாக்டீரியாக்களுடையது, ஈஸ்ட்டும் அதில் இருக்கும் என்றாலும் அதன் பங்கு குறைவு. மாவையே சோதனைக்கு எடுத்து ஈஸ்ட் என்று சொல்லிவிடக் கூடாது.

வெதுவெதுப்பான நீருக்கு எந்தக் கருவியும் தேவையில்லை, சத்துணவுக் கூடத்தில் ஒரு பாத்திரம் கொதிநீர் கேட்டால் போதும். ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் அங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஒரு டம்ளர் கொதிநீருக்கு இரண்டு டம்ளர் பச்சைத் தண்ணீர் (அது 14 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்) கலந்தால் 40 டிகிரி வரும், பாத்திரம் கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொள்ளும், ஆக 37, 38-ல் நிற்கும். பிள்ளைகளையே இந்தக் கணக்கைப் போடச் சொல்லி, பிறகு தெர்மாமீட்டர் வைத்துச் சரிபார்க்க வையுங்கள், பாதி இயற்பியல் பாடமும் அதிலேயே முடிந்துவிடும்.

இனி பலூன். எல்லாருக்கும் தெரிந்த முறை, எல்லாருக்கும் பிடித்த முறை, பின்வரிசையில் இருக்கிற பிள்ளைக்கும் தெரியும். நூறு மி.லி. வெதுவெதுப்பான நீரில் ஒரு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், பாட்டில் வாயில் ஒரு பலூன், அவ்வளவுதான். ஆனால் மலையில் இதற்கு மூன்று சிக்கல். முதலாவது, பாட்டிலை மேசை மேல் வைத்தால் உள்ளே இருக்கிற நீர் சீக்கிரமே ஆறிவிடும், அதனால் பாட்டிலை வெந்நீர் வாளிக்குள் நிறுத்தி, நடுவில் ஒருமுறை வெந்நீரை மாற்ற வேண்டும். இரண்டாவது, பல செய்முறைகளில் வருகிற தண்ணீர் பாட்டிலும் குளிர்பான பாட்டிலும் நம் மாவட்டத்தில் தடை செய்யப்பட்டவை, பிள்ளைகளை அதைக் கொண்டுவரச் சொல்வது சரியில்லை. கண்ணாடி பாட்டிலோ ஆய்வகத்துக் கூம்புக் குடுவையோ எடுத்துக்கொள்ளலாம், வெந்நீரில் நிறுத்தினால் கண்ணாடி நசுங்காது, அது இன்னும் நல்லது.

மூன்றாவது சிக்கல்தான் பெரியது. குளிர்ந்த குடுவையில் 40 டிகிரி நீரை ஊற்றி பலூனை மாட்டினால், உள்ளே இருக்கிற காற்று சூடாகி விரிந்தே பலூன் லேசாக எழுந்து நிற்கும். 15 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போகும் காற்று நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பங்கு பெருகுகிறது, நீராவியும் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும். சமவெளியில் அறைக்கும் நீருக்கும் வித்தியாசம் குறைவாக இருப்பதால் இது கண்ணில் படாது, இங்கே நன்றாகவே படும். ஈஸ்ட் இல்லாத குடுவையிலும் பலூன் எழுந்து நின்றால் பிள்ளைகள் கேட்பார்கள், கேட்க வேண்டும். எனவே ஈஸ்ட் போடாத ஒரு குடுவையும், கொதிக்க வைத்த ஈஸ்ட் போட்ட ஒரு குடுவையும் பக்கத்தில் இல்லாமல் பலூன் சோதனையைச் செய்யவே வேண்டாம்.

கொதிக்க வைத்த குடுவையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கொதிநிலை குறைவுதான் என்றாலும் பத்து நிமிடம் கொதித்தால் ஈஸ்ட் செத்துவிடும், அந்தக் கவலை வேண்டாம். சரி, அந்தக் குடுவை எதை நிரூபிக்கிறது? "உயிர் இருந்தால்தான் வாயு வரும்" என்று உடனே எழுதிக்கொடுத்துவிடுகிறோம். 1897-இல் எட்வார்ட் புக்னர் ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்த சாற்றில், உயிருள்ள செல் இல்லாமலே, சர்க்கரை நொதித்து வாயு வருவதைக் காட்டினார், 1907-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. கொதிக்க வைத்தால் செல்லும் சாகிறது, நொதியும் கெடுகிறது, இரண்டில் எது காரணம் என்று அந்தக் குடுவை மட்டும் சொல்லாது. பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் விடுவது அநியாயம்.

வாயுவின் அளவைப் பற்றிப் பேசும்போது உயரத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைப் போல ஏறத்தாழ முக்கால் பங்குதான். அதே எண்ணிக்கை மூலக்கூறு இங்கே அதிக இடத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு கிராம் சர்க்கரை முழுக்க நொதித்தால் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு, கணக்குப் போட்டால், 30 டிகிரி சென்னையில் சுமார் 290 மி.லி., 20 டிகிரி ஊட்டியில் சுமார் 370 மி.லி. அதாவது நம் பலூன் பெரிதாக ஊதினால் நம் ஈஸ்ட் அதிகம் உழைத்தது என்று அர்த்தமில்லை. இணையத்தில் யாரோ போட்ட மி.லி. கணக்கோடு நம் கணக்கை ஒப்பிடாதீர்கள், நம் வகுப்பில் ஒரு குழுவை இன்னொரு குழுவோடு மட்டும் ஒப்பிடுங்கள். கூடலூர் ஆயிரம் மீட்டர் உயரத்தை ஒட்டித்தான் இருக்கிறது, சூடும் அதிகம், ஆகவே அங்கே இருக்கிற பள்ளிக்கும் ஊட்டிப் பள்ளிக்கும் எண்கள் ஒத்துப்போகாது. இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் தங்கள் எண்களைப் பரிமாறிக்கொண்டு, ஏன் வேறுபடுகிறது என்று யோசித்தால் அது அருமையான வேலை.

சுண்ணாம்பு நீர் மலைக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. கால்சியம் ஹைட்ராக்சைடு சூட்டில் குறைவாகவும் குளிரில் கொஞ்சம் அதிகமாகவும் கரையும், எனவே குளிர் இங்கே நமக்குச் சாதகம். வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பை (நிறம் சேர்த்தது வேண்டாம்) நீரில் கலக்கி, மூடி, ஒரு ராத்திரி தெளிய வைத்து மேலே இருப்பதை மட்டும் இறுத்துக்கொண்டால் போதும். திறந்து வைத்தால் அறைக் காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடையே இழுத்து ஏடு கட்டிவிடும், குளிருக்காக ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இன்னும் சீக்கிரம். சலைன் டியூப் ஒரு துண்டு இருந்தால், வாயுவைக் கொண்டுபோகிற போக்குக் குழாய் வேலை முடிந்தது. கார்பன் டை ஆக்சைடு உள்ளே போனதும் சுண்ணாம்பு நீர் பால் போல வெளுக்கும். வெளுத்த பிறகும் வாயு தொடர்ந்து போனால் கால்சியம் பைகார்பனேட் ஆகி மறுபடி தெளிந்துவிடும், அதற்கு முன் எல்லாரும் பார்த்தாக வேண்டும்.

இதில் எண் கிடைக்காது, வந்தது வரவில்லை என்று மட்டும் தெரியும். ஆனால் பலூன் செய்ய முடியாத ஒன்றை இது செய்கிறது. பலூனுக்குள் என்ன வாயு என்று பலூன் சொல்லாது, இது சொல்லும். சின்ன வகுப்புகளில் ஒரு பிள்ளையை ஸ்ட்ரா வழியாகச் சுண்ணாம்பு நீரில் ஊதச் சொல்லுங்கள் (உறிஞ்சக் கூடாது, முகத்துக்கு மிக அருகில் வைக்கவும் கூடாது), அதுவும் வெளுக்கும். தன் மூச்சில் வருவதும் அந்தப் பழுப்பு மாவிலிருந்து வருவதும் ஒரே வாயு என்று தெரிகிற நிமிடம் ஒரு குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் சின்ன வகுப்புக்கு இரண்டையும் சேர்த்தே செய்யச் சொல்கிறேன்.

வாயுவைக் கவிழ்த்த குழாயில் பிடிப்பதை இரண்டு விதமாகச் செய்யலாம், இரண்டும் ஒன்றல்ல. போக்குக் குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீருக்குள் கொண்டுபோய் அளவு ஜாடியில் பிடிக்கிற முறை மலையில் எனக்குப் பிடிக்கவில்லை. காரணம், கார்பன் டை ஆக்சைடு குளிர்ந்த நீரில் அதிகம் கரையும். 15 டிகிரி நீர், தன் கனஅளவுக்கு ஏறத்தாழ சமமான அளவு இந்த வாயுவைக் கரைத்துக்கொள்ளக் கூடியது, 40 டிகிரியில் அது பாதியாகிவிடும். பத்து மி.லி. வாயு வந்து அதில் பெரும்பங்கைத் தொட்டி நீரே குடித்துவிட்டால் பிள்ளை எழுதுகிற எண் பொய்யாகிவிடும். உப்பைக் கரையும் மட்டும் கரைத்த நீரை வைத்தால் கரைவது குறையும், ஆனால் அது இன்னொரு வேலை. இரண்டாவது விதம் எளிமையானது: ஈஸ்ட் கலவையை ஒரு சோதனைக் குழாயில் ஊற்றி, அதே கலவை நிரம்பிய சின்னக் கண்ணாடிக் குப்பியை அதற்குள் கவிழ்த்துவிடுங்கள், ஹோமியோபதி மருந்துக் குப்பி சரியாக இருக்கும். குப்பியின் அடிப்பக்கத்தில் வாயு சேரச் சேர அதன் உயரத்தை ஸ்கேலால் அளக்கலாம். மொத்தத்தையும் வெந்நீர் டம்ளரில் நிறுத்திவிடலாம். சிரிஞ்ச் கிடைக்காத பள்ளிக்கு இதுதான் என் சிபாரிசு.

கூனே குழாயும் அடிப்படையில் இதே யோசனைதான். பத்து சதவீதச் சர்க்கரைக் கரைசலில் ஈஸ்ட், நிமிர்ந்த கையில் வாயு சேரும், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டால் வாயு உறிஞ்சப்பட்டு நீர்மட்டம் மேலேறும். அந்தக் கடைசிப் படி அழகானது, சேர்ந்த வாயு எது என்பதை அங்கேயே நிரூபித்துவிடும். ஆனால் குழாய் ஒன்றுதான் இருக்கும், ஹைட்ராக்சைடு தோலை அரிக்கும், ஆசிரியர் செய்ய பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பதாகவே முடியும்.

சிரிஞ்ச் முறைக்கு வருகிறேன், என் ஓட்டு இதற்குத்தான். மருந்துக் கடையில் 10 மி.லி. சிரிஞ்சை ஊசி இல்லாமல் வாங்குங்கள். வெதுவெதுப்பான நீரில் கலக்கிய ஈஸ்ட் சர்க்கரைக் கலவையை ஐந்து மி.லி. இழுத்து, சிரிஞ்சின் மேல் இரண்டு இரும்பு நட்டை நூலால் கட்டி, முனை மேலே இருக்கும்படி ஒரு எவர்சில்வர் மக்கில் இருக்கிற வெந்நீருக்குள் மூழ்க வைக்க வேண்டும். முனையிலிருந்து குமிழி ஒவ்வொன்றாக வெளியே வரும், நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணுவதுதான் அளவீடு. பிஸ்டனை அசைய விட்டு வாயு அளவைப் படிக்கலாமே என்று தோன்றும், வேண்டாம், ரப்பர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நகராது.

இது ஏன் மலைக்குப் பொருத்தம்? ஐந்து மி.லி. கலவை ஒரு மக் வெந்நீருக்குள் கிடப்பதால் மக்கின் சூடுதான் அதன் சூடு, ஒரு தெர்மாமீட்டரும் கொஞ்சம் கூடுதல் வெந்நீரும் இருந்தால் பீரியட் முழுவதும் 35-லேயே நிறுத்தலாம். குமிழி வெளியே வந்த பிறகு நீரில் கரைந்தாலும் எண்ணிக்கை மாறாது. ஆறு குழுவுக்கு ஆறு வெப்பநிலை கொடுக்கலாம்: ஜன்னலோரம் இருக்கிற பச்சைத் தண்ணீர், 25, 35, 45, 55, கடைசியில் 65. சமவெளிப் பள்ளிக்குக் குளிர்ப் பக்கத்துக்கு ஐஸ் வாங்க வேண்டும், நமக்கு அது குழாயிலேயே வருகிறது. பீரியட் முடிவில் கரும்பலகையில் ஆறு புள்ளி வைத்து ஒரு கோடு வரைந்தால், ஏறி, உச்சிக்குப் போய், பிறகு சரிகிற அந்த வளைவு அவர்களே செய்த வளைவாக இருக்கும்.

குறைகளும் உண்டு. குமிழியின் அளவு எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்காது, அதனால் எல்லாக் குழுவுக்கும் ஒரே வகை சிரிஞ்ச் கொடுங்கள். முதல் சில நிமிடங்கள் குமிழியே வராது, கலவை தன்னில் கரையக்கூடிய அளவுக்கு வாயுவை வைத்துக்கொண்ட பிறகுதான் மிச்சத்தை வெளியே விடும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பிள்ளைகள் சோதனை கெட்டுவிட்டது என்று நினைத்துக் கலவையைக் கொட்டிவிடுவார்கள். சூடான நீரில் எடுத்த அளவையும் குளிர்ந்த நீரில் எடுத்த அளவையும் ஒப்பிடும்போது இந்தக் கரைதிறன் வேறுபாடும் உள்ளே புகுந்து நிற்கிறது, அதையும் ரெக்கார்டு நோட்டில் எழுத வையுங்கள். எண்ணத் தொடங்குவதைப் பத்தாவது நிமிடத்துக்குத் தள்ளினால் ஓரளவு சரியாகும்.

அடுத்து, இந்தச் சோதனைகள் எதைக் காட்டுகின்றன? தலைப்பில் "செல் சுவாசம்" என்று எழுதிவிட்டு ஆக்சிஜன், மைட்டோகாண்ட்ரியா என்று பாடம் நடத்துகிறோம். ஆனால் பலூனிலும் சிரிஞ்சிலும் வருவது பெரும்பாலும் நொதித்தலில் (ஆக்சிஜனைப் பயன்படுத்தாமல் சர்க்கரையை உடைப்பதில்) வருகிற வாயு, ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு எத்தனால், இரண்டு கார்பன் டை ஆக்சைடு. சர்க்கரை தாராளமாக இருந்தால் ஆக்சிஜன் இருக்கும்போதே ஈஸ்ட் நொதித்தலுக்குப் போய்விடும், இதற்குக் கிராப்ட்ரீ விளைவு என்று பெயர். ஆகவே "முதலில் பாட்டிலில் இருந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு அப்புறம் நொதித்தது" என்று சொல்வதும் முழுச் சரியில்லை. ரெக்கார்டில் காற்றிலா சுவாசம் என்றே எழுத வையுங்கள்.

ஆக்சிஜனின் வேலையைக் கண்ணால் பார்க்க மெத்திலீன் நீலம் வேண்டும். ஈஸ்ட் கலவையில் வெளிர்நீலம் வரும் அளவுக்குச் சில சொட்டு விட்டு, வெந்நீரில் அசைக்காமல் நிறுத்தினால், உணவிலிருந்து கழன்று வருகிற ஹைட்ரஜனைச் சாயம் வாங்கிக்கொண்டு நிறமிழக்கும். குழாயைக் குலுக்கினால் காற்றின் ஆக்சிஜன் பட்டு நீலம் திரும்பும், நிறுத்தினால் மறுபடி போகும். கொதிக்க வைத்த ஈஸ்ட்டில் நீலம் நீலமாகவே இருக்கும். ஹைட்ரஜனை எடுத்துக்கொள்ள எப்போதும் ஒருவர் வேண்டும், ஆக்சிஜன் அந்த ஒருவர் என்பதை இதைவிடத் தெளிவாகப் பள்ளியில் காட்டும் வழி எனக்குத் தெரியாது. ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் உயிருள்ள செல்கள் நிறமில்லாமலும் செத்தவை நீலமாகவும் தெரியும். வாயு சோதனை நடத்திய அதே வாரத்தில் செய்துவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும். கையில் பட்டால் கறை போக நாளாகும், அவ்வளவுதான் தொந்தரவு.

சிரிஞ்ச் முறை கையில் வந்துவிட்டால் உணவை மாற்றிப் பார்ப்பது சுலபம். சர்க்கரை, குளுக்கோஸ், தேன் எல்லாவற்றிலும் குமிழி வரும். கேத்திப் பள்ளத்தாக்கு காரட்டைத் துருவிப் பிழிந்த சாற்றிலும் வரும், அதில் சுக்ரோஸ் இருக்கிறது. பாலில் இருக்கும் லாக்டோஸை பேக்கரி ஈஸ்ட்டால் உடைக்க முடியாது. உருளைக்கிழங்கு மாவுச்சத்தையும் அது நேரடியாகத் தொடாது, அதை உடைக்கும் அமைலேஸ் அதனிடம் இல்லை. தோட்டத்தில் காரட்டும் உருளையும் போடுகிற வீட்டுப் பிள்ளைகள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் காட்டுகிற அக்கறை, வெறும் சர்க்கரைக் கரைசலில் வருவதில்லை.

ஈஸ்ட் வாங்குவதில் சிரமமில்லை, வர்க்கியும் பன்னும் போடுகிற பேக்கரி இல்லாத ஊர் மலையில் குறைவு, கேட்டால் கொஞ்சம் கொடுப்பார்கள். பழைய பாக்கெட்டாக இருந்தால் முதல்நாளே கொஞ்சம் சர்க்கரை நீரில் போட்டு நுரைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாசனை வந்ததும் "இது சாராயமா?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார், ஆமாம், எத்தனால்தான், இந்த நேரத்துக்குள் மிகக் கொஞ்சம்தான் உண்டாகியிருக்கும் என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள், யாரும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் கலவையை அன்றே கொட்டிவிட வேண்டும், பள்ளித் தோட்டத்து மக்குக் குழியில் ஊற்றலாம். எக்காரணம் கொண்டும் கண்ணாடி பாட்டிலில் இறுக்கி மூடி அலமாரியில் வைக்காதீர்கள், குளிரில் மெதுவாக என்றாலும் வாயு வந்துகொண்டேதான் இருக்கும், பாட்டில் வெடிக்கும்.